மூட்டையின் மேலுள்ள பெயரும் உள்ளிருக்கும் நெல்லும்



ஷஃபான் மாதம் நம் மஹல்லாக்களில் நிக்காஹ் காலம். ரமலான் பிறப்பதற்குள் திருமணத்தை முடித்துவிட வேண்டும் என்று குடும்பங்கள் விரும்புவதால், அந்நாள்களில் கைப்பேசிகளில் அழைப்பிதழ்கள் வந்து குவியும். சென்ற ஷஃபானில் நம் ஊர்ச் சகோதரர் ஒருவருக்கும் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. அனுப்பியவர் வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மச்சான். கோப்பின் பெயர் 'நிக்காஹ் அழைப்பிதழ்' என்றே தொடங்கியது. சகோதரர் அதைத் தொட்டார். கைப்பேசி ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்தார். மீண்டும் கேட்டது, மீண்டும் கொடுத்தார். அழைப்பிதழ் மட்டும் திறக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் பார்த்தபோது அவருடைய வங்கிக் கணக்கு ஏறத்தாழத் துடைக்கப்பட்டிருந்தது. அது சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, கணக்கில் வந்து சேர்வதற்காகக் காத்திருந்து பெற்ற பணம். மகளின் திருமணச் செலவுக்கும், கடனாக வாங்கிய உரத்துக்கும் அதில்தான் பங்கு பிரித்து வைத்திருந்தார். மச்சானைத் தொடர்பு கொண்டபோது, அவருடைய கைப்பேசியும் அதே வழியில் பிறர் வசமாகி, அவரறியாமலே எல்லோருக்கும் 'அழைப்பிதழ்' அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

மத்ரஸா வாசலில் வந்து நின்ற அந்தச் சகோதரர் நம்மிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "அழைப்பிதழ்னுதானே ஹஜ்ரத் எழுதியிருந்துச்சு?"

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான விடை. அந்த விடையை அறிந்து வைத்திருப்பது இக்காலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பாகிவிட்டது என்பது நம் கருத்து.

அவர் கைப்பேசியில் வந்த கோப்பின் பெயர் 'அழைப்பிதழ்' என்பதோடு முடியவில்லை. அதன் பின் ஒரு புள்ளியும், ஏபிகே என்னும் மூன்று எழுத்துகளும் இருந்தன. ஒரு கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் இந்தப் பகுதியைத்தான் கணினிக் கடைக்காரர்கள் எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள். நாம் பின்னொட்டு என்போம். இக்கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது, இதை எந்த மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் குறிப்பு அது. ஜேபிஜி என்றால் படம். எம்பி3 என்றால் ஒலி. பிடிஎஃப் என்றால் அச்சிட்டாற்போல் கலையாமல் நிற்கும் பக்கம். டாக்எக்ஸ் என்றால் தட்டச்சு செய்த ஆவணம். ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. படத்தையும் ஆவணத்தையும் நாம் பார்க்கிறோம். செயலியை நாம் பார்ப்பதில்லை, வீட்டுக்குள் குடிவைக்கிறோம். குடிவந்தபின், கொடுத்த அனுமதிக்கேற்ப அது நம் குறுஞ்செய்திகளைப் படிக்கும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணைத் தன் எசமானனுக்கு அனுப்பும். திருமண அழைப்பிதழுக்கு இந்த அனுமதிகளில் ஒன்றுகூடத் தேவையில்லை.

ஆகவே சகோதரரின் கேள்விக்கு விடை இதுதான்: புள்ளிக்கு முன்னால் உள்ள பெயரை அனுப்புகிறவன் விரும்பியபடி எழுதலாம். அது மூட்டையின் மேல் மையால் எழுதப்பட்ட பெயர். உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம்.

மூட்டையைப் பற்றி இந்தக் காவிரிப் படுகை மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பொன்னி என்று எழுதிய சாக்கில் ஆடுதுறை 43 நெல்லை நிரப்பித் தைத்தால் அது பொன்னியாகிவிடாது என்பது இங்கே சிறுவனுக்கும் தெரியும். அரிசி மண்டியில் வியாபாரி மூட்டையின் பெயரைப் படித்துவிட்டு விலை பேசுவதில்லை. குத்தூசியை மூட்டைக்குள் செலுத்தி, உள்ளிருந்து வரும் மணிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே பேசுகிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருப்பதால், குவியலின் மேற்பரப்பு காய்ந்திருப்பதை யாரும் சான்றாக ஏற்பதில்லை; கருவி வைத்து அளக்கிறார்கள்.

மத்ரஸாவில் நாம் பாடம் நடத்தும் ஸஹீஹ் முஸ்லிமில் இதே போன்ற ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்லும்போது அதனுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி கூறினார். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். வியாபாரியின் நேர்மையைப் பற்றிய பாடமாகவே இதை நாம் நடத்தி வந்திருக்கிறோம். அதில் வாங்குகிறவருக்கும் ஒரு பாடம் உண்டு. அந்தக் கை குவியலுக்குள் சென்றது. மேலே தெரிந்ததோடு அது நின்றுவிடவில்லை.

கோப்பின் பெயரைக் கொண்டு ஏமாற்றுவது நேற்றுத் தொடங்கிய தந்திரமன்று. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. 'உன்னை நேசிக்கிறேன்' என்பது அதன் தலைப்பு. இணைக்கப்பட்டிருந்த கோப்பு 'உனக்கொரு காதல் கடிதம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தாங்கியிருந்தது. பெயரின் இறுதியில் டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டு தெரிந்தது. அது வெறும் எழுத்துக் கோப்புக்குரிய அடையாளமாதலால் பலரும் அஞ்சாமல் திறந்தார்கள். உண்மையில் அந்தப் பெயரில் இரண்டு புள்ளிகள் இருந்தன. இரண்டாம் புள்ளிக்குப் பின் விபிஎஸ் என்று இருந்தது. அது கணினிக்கு ஆணையிடும் நிரலைக் குறிக்கும். தனக்குத் தெரிந்த வகைகளின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் வழக்கமாதலால், கடைசிப் பகுதி பலர் கண்ணில் படவே இல்லை. அந்த நிரல் முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டன் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சல் வசதியைச் சிறிது நேரம் நிறுத்த நேர்ந்தது.

கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. காதல் கடிதம் திருமண அழைப்பிதழாயிற்று. விபிஎஸ் ஏபிகே ஆயிற்று. முகவரிப் புத்தகம் வாட்ஸ்அப் தொடர்புப் பட்டியலாயிற்று. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் இமாசலப் பிரதேசக் காவல்துறை இத்தகைய திருமண அழைப்பிதழ்க் கோப்புகளைக் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தின் பெயரிலும், போக்குவரத்து அபராத ரசீதின் பெயரிலும், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பின் பெயரிலும் இதே ஏபிகே கோப்புகள் உலவுகின்றன. மேலே ஒட்டப்படும் பெயர், எந்த ஊரில் எது விலைபோகுமோ அதற்கேற்ப மாறுகிறது. நம் பகுதியில் நெல்லும் நிக்காஹும் விலைபோகின்றன.

"தெரிந்தவர் அனுப்பியதைத்தானே திறந்தார்? அதிலுமா சந்தேகம்?" என்று சிலர் கேட்கக்கூடும். திருக்குர்ஆனின் 49-ஆவது அத்தியாயமாகிய ஹுஜுராத்தின் 6-ஆவது வசனம், தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை வரக்கூடாது என்பதையே காரணமாகவும் சொல்கிறது. மச்சான் தீயவரல்லர். ஆனால் அந்தக் கோப்பை அனுப்பியது மச்சானும் அல்லர். அவருடைய கைப்பேசியைக் கைப்பற்றியிருந்தவன். திரையில் தெரிந்த பெயரும் முகப்படமும்கூட மூட்டையின் மேலுள்ள மைதான். ஒரு தொலைபேசி அழைப்பில் "மச்சான், நீங்க ஏதாச்சும் அனுப்புனீங்களா?" என்று கேட்டிருந்தால், நம் சகோதரரின் பணமும் காப்பாற்றப்பட்டிருக்கும், மச்சானுக்கும் தம் கைப்பேசி பறிபோனது அப்போதே தெரிந்திருக்கும். உறவினரிடம் விசாரிப்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. அவருக்கும் சேர்த்துச் செய்யும் காவல் அது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் ஜமாஅத்தில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சிலர், "எதையும் திறக்காதே என்று சொல்லிவிடுவோம். பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இந்தக் கருவியே வேண்டாம்" என்றார்கள். அவர்களுடைய கவலையை நாம் மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை. ஏமாந்தவர் ஐம்பது வயதைக் கடந்த, ஊரில் நாலு பேருக்கு யோசனை சொல்லக்கூடிய ஆண். அவருடைய இல்லத்தில் அந்தக் கோப்பின் பெயரை முழுமையாகப் படித்து, "அத்தா, இது படமில்லை, ஆப்" என்று சொன்னவள் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள். அவள் சொன்னது மறுநாள் காலையில். அதற்கு முன் அவளிடம் யாரும் காட்டவில்லை. மேலும், விசாவும் விமானச் சீட்டும் மருத்துவ அறிக்கையும் பள்ளிச் சான்றிதழும் கோப்புகளாகவே வரும் காலத்தில், எதையும் திறக்காதே என்பது வாழ முடியாத அறிவுரை. வாழ முடியாத அறிவுரையை மக்கள் இரண்டு நாளில் கைவிட்டுவிடுவார்கள். பிறகு எந்த அறிவுரையும் கையில் இராது.

வேறு சிலர், "பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். அதையும் நாம் ஏற்கவில்லை. திறக்கும் வேகம் பிள்ளைகளுக்கு உண்டு. விளையாட்டுச் செயலியை இலவசமாகத் தருகிறேன் என்று எவனோ அனுப்பும் ஏபிகேயை முதலில் நிறுவுகிறவர்களும் அவர்களே. நிதானத்தைக் கற்றுக்கொடுப்பது பெற்றோரின் வேலையாகவே இருக்கிறது. கற்றுக்கொடுக்கப் பெற்றோருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அஞ்சித் திறக்காமலே விட்டுவிடுவதாலும் இழப்புகள் உண்டு. அவற்றை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி, தம் மறைந்த கணவரின் பழைய கைப்பேசியில் இருந்த நினைவக அட்டையை மகன் மூலம் நம்மிடம் கொடுத்தனுப்பினார். கணவர் மலேசியாவில் இருந்தபோது, பிள்ளைக்கு ஓதிக்காட்டுவதற்காகச் சில சூராக்களைத் தம் குரலில் பதிவு செய்து கொண்டுவந்திருந்தாராம். புதிய கைப்பேசியில் போட்டால், இக்கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வருகிறது. கெட்டுப்போய்விட்டது போலும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அட்டையைக் கணினியில் இட்டுப் பார்த்தோம். கோப்புகளின் பின்னொட்டு ஏஎம்ஆர். பழைய பொத்தான் கைப்பேசிகள் குரலைச் சிறிய அளவில் சேமிக்கப் பயன்படுத்திய வகை அது. கோப்பு கெடவில்லை, அந்த மொழி தெரிந்த மென்பொருள் புதிய கைப்பேசியில் இல்லை, அவ்வளவே. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி என்னும் மென்பொருளில் போட்டதும் அந்த மனிதரின் குரல் மத்ரஸா அறையில் ஒலித்தது. பதினான்கு வயது மகன் தலையைக் குனிந்துகொண்டான். எம்பி3 ஆக மாற்றிக் கொடுத்தோம். கடைக்காரரின் ஒற்றைச் சொல்லை நம்பி அந்த அட்டையை அவர்கள் குப்பையில் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறோம்.

ஒரு கோப்பு திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. அதற்குரிய மென்பொருள் நம்மிடம் இல்லாமலிருக்கலாம், கோப்பு பூட்டப்பட்டிருக்கலாம், உண்மையிலேயே சிதைந்திருக்கலாம். மூன்றையும் ஒன்றாக எண்ணிக் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டுவது, சாவியைத் தேடாமல் வீடு இடிந்துவிட்டது என்று சொல்வதற்குச் சமம்.

படிக்கத் தெரியாததால் பூட்டிக் கிடக்கும் செல்வத்துக்குத் தஞ்சாவூரிலேயே சான்று உண்டு. சரசுவதி மகால் நூலகத்தில் மராட்டியர் காலத்து ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அவை மோடி எழுத்தில் உள்ளவை. மராட்டியை விரைந்து எழுதப் பயன்பட்ட வரிவடிவம் அது. தாள் இருக்கிறது, மை இருக்கிறது, படிப்போர் அருகிவிட்டனர். தமிழ்ப் பல்கலைக்கழகம் முயன்று அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்ட பிறகே அவை பேசத் தொடங்கின. அவ்வளவு தொலைவு போக வேண்டாம். நம் வீட்டுப் பரண்களில் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருக்கின்றன. அவற்றின் எழுத்து அரபு, மொழி தமிழ். அரபு எழுத்தை மட்டும் பார்த்து இது அரபு நூல் என்று எண்ணுகிறவர் உள்ளே பொருள் காண மாட்டார். தமிழ் எழுத்து மட்டும் அறிந்தவர் திறக்கவே மாட்டார். இரண்டும் அறிந்தவருக்குத்தான் அது தன் வீட்டு மொழியில் பேசும். பின்னொட்டு ஒன்று, உள்ளடக்கம் வேறு என்பதை நம் முன்னோரின் நூல்களே நமக்குக் காட்டியிருக்கின்றன.

கணினியிலும் நம் எழுத்துக்கு இது நேர்ந்தது. பல ஜமாஅத்துகளில் பழைய நடவடிக்கைக் குறிப்புகளும் வக்ஃபுக் கணக்கு விவரங்களும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். வைரஸ் என்று அஞ்சி அழித்தவர்களை நாம் அறிவோம். அது வைரஸ் அன்று. எழுத்துருவை நிறுவினாலோ, எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக மாற்றினாலோ தமிழ் திரும்பி வந்துவிடும். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதுபோலவே உர்துவில் வினாத்தாள் தயாரித்த மூத்த உஸ்தாதுகள் பலர் 1994-இல் வெளிவந்த இன்பேஜ் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஐஎன்பி என்று முடியும் அவர்களுடைய கோப்புகளை அந்த மென்பொருள் இல்லாத கணினியில் இட்டால், ஒரு வாழ்நாளின் உழைப்பு வெள்ளைத் தாள் போல ஊமையாக நிற்கிறது.

பெயரை மாற்றிவிட்டால் வகையும் மாறிவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. அதில் நாமும் விழுந்தவரே. ஒரு மாணவனின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக, அவனுடைய மாமா ஐஃபோனில் எடுத்தனுப்பிய படத்தைப் பதிவேற்றினோம். ஏற்க மறுத்தது. பின்னொட்டு எச்இஐசி என்றிருந்தது; 2017 முதல் ஐஃபோன்கள் படங்களைச் சேமித்துவரும் வகை அது. நாம் கெட்டிக்காரத்தனமாகப் பெயரின் இறுதியை ஜேபிஜி என்று மாற்றி எழுதினோம். மீண்டும் மறுத்தது. உடனிருந்த கணினி மைய இளைஞரைக் கடிந்துகொண்டோம். அவர் பொறுமையாக, "பெயரைத்தான் மாத்தியிருக்கீங்க ஹஜ்ரத், படத்தை மாத்தலை" என்று சொல்லி, படத்தைத் திறந்து, வேறு வகையில் சேமி என்னும் வசதியால் மெய்யாகவே ஜேபிஜி ஆக்கித் தந்தார். மூட்டையின் மேல் பொன்னி என்று எழுதியவர் அன்று நாம்தான்.

உள்ளே கைவிட்டுப் பார்க்க வழி உண்டா என்றால், உண்டு. பெரும்பாலான கோப்பு வகைகளுக்கு அவற்றின் தொடக்கத்திலேயே ஓர் அடையாளம் இருக்கும். பிடிஎஃப் கோப்பு ஒரு சதவீதக் குறியோடும், பி, டி, எஃப் என்ற எழுத்துகளோடும் தொடங்கும். விண்டோஸில் ஓடும் நிரல்கள் எம், இசட் என்று தொடங்கும். அவை அந்த வகையை வடிவமைத்த பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள். சுருக்கிக் கட்டப்பட்ட ஜிப் கோப்புகள் பி, கே என்று தொடங்கும். அவை 1989-இல் அவ்வகையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். கணினியில் நோட்பேடை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து ஐயத்துக்குரிய கோப்பைத் திறந்தால், அது ஓடாது. எழுத்துகளாக மட்டும் தோன்றும். பிடிஎஃப் என்று வந்த கோப்பு எம், இசட் என்று தொடங்கினால், மேலும் விசாரிக்க ஒன்றுமில்லை, அழித்துவிட வேண்டியதுதான். ஆயினும் குத்தூசி காட்டுவது ஒரு பிடி நெல்லை மட்டுமே. டாக்எக்ஸ் ஆவணமும் ஏபிகே செயலியும் உள்ளே ஜிப் கட்டுகளே ஆதலால் இரண்டும் பி, கே என்றே தொடங்கும். ஆகவே இந்தச் சோதனையோடு நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் அனைவரும் கடைப்பிடிக்கத்தக்க நடைமுறையாக நாம் கருதுவது இதுதான். அறிமுகமில்லாத கோப்பு வந்தால் முதலில் கடைசிப் புள்ளிக்குப் பின் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியில் கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் வியூ என்னும் பகுதிக்குச் சென்று, பின்னொட்டைக் காட்டும்படி ஒருமுறை குறியிட்டுவிட்டால் போதும். கைப்பேசிக்கு வரும் ஏபிகே, கணினிக்கு வரும் இஎக்ஸ்இ, விபிஎஸ் போன்றவை யார் அனுப்பினாலும் தொடத்தக்கவை அல்ல; செயலி தேவையென்றால் அதற்குரிய அதிகாரபூர்வக் கடையிலிருந்தே எடுக்க வேண்டும். டாக்எம், எக்ஸ்எல்எஸ்எம் என்று எம் எழுத்தில் முடியும் ஆவணங்கள் தமக்குள் நிரலைச் சுமக்கக்கூடியவை. அவற்றில் உள்ளடக்கத்தை இயக்கு என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும். அடுத்து, அனுப்பியவரைக் குரலில் அழைத்து விசாரிக்க வேண்டும். அதன்பின், வகை எதுவென்று தெரிந்துகொண்டு, அதற்கான மென்பொருளைத் தேட வேண்டும். பழைய ஆவணங்களுக்கு லிப்ரே ஆஃபிஸ், ஒலிக்கும் காணொலிக்கும் விஎல்சி, சுருக்கிய கட்டுகளுக்கு செவன் ஜிப் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன.

இணையத்தில் கோப்பைப் பதிவேற்றினால் திறந்தும் மாற்றியும் தருகிறோம் என்னும் தளங்கள் பல உண்டு. ஆதார் நகல், நிக்காஹ் பதிவேடு, மருத்துவ அறிக்கை, குடும்பப் பெண்களின் படங்கள் போன்றவற்றை அங்கே ஏற்றக் கூடாது. அவை நம்மிடம் உள்ள அமானிதங்கள். முன்பின் தெரியாத ஒருவனின் கணினியில் வைக்கத்தக்கவை அல்ல. வைரஸ் உண்டா என்று சோதிக்கும் தளங்களுக்கும் இது பொருந்தும். பூட்டப்பட்ட கோப்பைத் திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரையும் நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பின் காப்புக் கோப்புகளைப் போன்றவை உரிய சாவியின்றித் திறவா.

ஒருவேளை செயலியை நிறுவிவிட்டால், வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெருந்தவறு. உடனே கைப்பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930. அதை எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ, பணம் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நம் சகோதரர் இரவிலேயே மகளிடம் கேட்டிருந்தால், ஃபஜ்ருக்காகக் காத்திருக்க நேர்ந்திராது.

ஜமாஅத்துகளிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. மக்தப் மத்ரஸாவில் மாதம் ஒருமுறை, பிள்ளைகளோடு தாய்மாரையும் அமரவைத்து, அரைமணி நேரம் இதைச் சொல்லிக்கொடுங்கள். கொடுக்கல் வாங்கலில் ஏமாறாமலும் ஏமாற்றாமலும் இருக்கக் கற்பிப்பது நம் பாடத்திட்டத்துக்குப் புறம்பானதன்று. இரண்டாவதாக, வக்ஃபுச் சொத்து விவரங்கள், நிக்காஹ் பதிவுகள், தீர்மானங்கள் ஆகியவற்றை யூனிகோடு தமிழிலும் பிடிஎஃப் வகையிலும் சேமித்து, ஓர் அச்சுப் படியையும் வையுங்கள். நமக்குப் பின் வருகிறவர்கள் அவற்றைத் திறக்க முடியாமல் திகைத்து நிற்கும்படி விட்டுச் செல்வது நியாயமாகாது.

சகோதரரின் பணத்தில் சிறு பகுதியே திரும்பியது. மகளின் நிக்காஹ் ரமலானுக்குப் பின் தள்ளிப்போய், ஷவ்வாலில் எளிமையாக நடந்தேறியது. அழைப்பிதழை அவர் யாருக்கும் கைப்பேசியில் அனுப்பவில்லை. மிதிவண்டியில் வீடு வீடாக வந்து கையில் கொடுத்தார். நம் வீட்டுக்கு வந்தபோது, உறையை நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உள்ளே பிரிச்சுப் பாத்துட்டே வாங்கிக்குங்க ஹஜ்ரத்."

அல்லாஹ் நம் பொருள்களையும் இல்லங்களையும் பாதுகாப்பானாக. பயனுள்ள கல்வியை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வழங்குவானாக. ஆமீன்.